கொழும்பின் நடுச்சாமம், ரொறன்ரோவில் பின்னேரம் ஐந்து மணி

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 63 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு 68. வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஒக்டோபர் மூன்றாம் கிழமை ரொறன்ரோ போகிறோம். மார்ச் கடைசியில்தான் திரும்புவோம். விடிய 4 மணிக்குக் கட்டுநாயக்கவில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, அங்கே அன்று பின்னேரம் 4 மணிக்கு இறங்குகிறோம். இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் போனபோது பத்து நாளாக இரவு இரண்டு மணிக்கு எழும்பிவிட்டேன். பின்னேரம் ஐந்தானால் கண் சொருகும். வெளிச்சத்தில் நின்றால் சரியாகும் என்று மருமகன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார், பலனில்லை. ஓகஸ்டில் திரும்பி வந்த மறுநாளே வழமைபோல விடிய ஐந்தரைக்கு மரைன் டிரைவில் நடக்கத் தொடங்கினேன். இரண்டு கிழமைக்கு மேலாகியும் நித்திரை ஒழுங்குக்கு வரவில்லை. கணவர் இரவு 10 மணிக்கு கிளார்ஜின் இன்சுலின் போடுகிறார்; நீரிழிவுக்கு மெட்ஃபோர்மினும் இரத்த அழுத்தத்துக்கு லொசார்ட்டனும் எடுக்கிறார். எனக்குத் தைரொயிட்டுக்குத் தைரொக்சின். இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது? நித்திரைக்கான மெலடோனின் குளிசை எடுக்கலாமா? நவம்பரில் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்களாம், குளிர்காலத்தில் ஐந்துக்கு முன்பே இருட்டுமாம். அதற்கு என்ன செய்வது? அடுத்த வருடம் மெல்பேர்னில் மகனிடம் போகவும் எண்ணம். அதற்கும் இதே முறைதானா?

பதில்: அம்மா, நீங்கள் போன முறை வெளிச்சத்தைத் தேடிப் போனது சரி. போன நேரம்தான் பிழை. இரண்டு தடவையும் உங்கள் உடலின் மணிக்கூடு போக வேண்டிய திசைக்கு நேர் எதிராகத் தள்ளப்பட்டிருக்கிறது. ஏன் என்று விளங்கிக்கொண்டால் இந்த முறை நீங்களே கணக்குப் போட்டு நடந்துகொள்ளலாம்.

மூளையின் அடியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, நித்திரையையும் விழிப்பையும் ஆளும் ஒரு சிறு நரம்புத் திரள் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது தன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அதே வெளிச்சம், விழும் நேரத்தைப் பொறுத்து எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்யும். நாம் வழமையாக எழும்பும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பாக உடல் வெப்பம் ஆகக் குறைந்த புள்ளியைத் தொடும். அதை உடலின் நடுச்சாமம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளிக்கு முன் வரும் நாலைந்து மணித்தியாலத்தில் கண்ணில் பட்ட வெளிச்சம் மணிக்கூட்டைப் பின்னே தள்ளும்: அடுத்த நாள் பிந்தி நித்திரை வரும், பிந்தி விழிப்பு வரும். அந்தப் புள்ளிக்குப் பின் வரும் நாலைந்து மணித்தியாலத்தில் பட்ட வெளிச்சம் முன்னே இழுக்கும். புள்ளியை அண்டிய நேரங்களில்தான் இதன் வேகம் அதிகம். அதிலிருந்து தூரப் போகப் போக வெளிச்சத்துக்கு அவ்வளவு வலு இல்லை.

நீங்கள் இரவு பத்துக்குப் படுத்து விடிய ஐந்துக்கு எழும்புகிறவர் என்றால், உங்கள் நடுச்சாமம் கொழும்பு நேரம் 2.30 அளவில். மேயிலும் ஒக்டோபரிலும் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னே நிற்கும். அப்படியென்றால் அங்கே இறங்கும் நாளில் உங்கள் நடுச்சாமம் பின்னேரம் 5 மணி. அந்த நேரத்தில் கண் சொருகாமல் என்ன செய்யும்? மே மாதக் கடைசியில் அங்கே சூரியன் படுவது இரவு 9 மணிக்குச் சற்று முன்பு. ஆறு மணிக்கு ஏரிக்கரைக்குப் போய் எட்டு மணிவரை நின்றால், நடுச்சாமம் கழிந்த பின் இரண்டு மணித்தியாலம் நல்ல வெயில் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். மேற்கே போகிற நீங்கள் மணிக்கூட்டைப் பின்னே தள்ள வேண்டியவர். அந்த வெயில் முன்னே இழுத்திருக்கிறது. மருமகன் அன்போடுதான் செய்தார். ஒன்பதரை மணித்தியால இடைவெளியில் பொதுப்புத்தி காலை வாரிவிடும்.

திரும்பி வந்தபோது நடந்தது இதன் மறுபக்கம். ரொறன்ரோவுக்குப் பழகிய உடலுக்கு, கொழும்பில் விடிய ஆறு மணி என்பது இரவு எட்டரை மணி. அந்த நேரத்து வெளிச்சம் இன்னும் பிந்தித்தான் நித்திரை கொள்ளச் சொல்லும். நீங்களோ முந்திப் படுக்கப் பழக வேண்டியிருந்தது.

இனி இந்தப் பயணம். மேற்கே போகும்போது உடல் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை மணித்தியாலம் நகரும். கிழக்கே வரும்போது ஒரு மணித்தியாலம்தான். நமது உள்மணிக்கூட்டின் சுற்று 24 மணித்தியாலத்தைவிடச் சற்று நீளம் என்பதால் பிந்துவது அதற்குச் சுலபம், முந்துவது கடினம். ஆகவே போகும்போது ஆறேழு நாள் பிடிக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மணித்தியாலத்தை இங்கேயே சம்பாதிக்கலாம். புறப்படுவதற்கு முன் மூன்று நாளும் 40 நிமிடம், 40 நிமிடமாகப் படுக்கையைப் பிந்தவிடுங்கள்; அந்த நேரத்தில் ஹோலில் எல்லா விளக்கையும் போட்டு வையுங்கள். விடிய எழும்புவதையும் அதே அளவு பிந்தவிட வேண்டும். பயண அவசரத்தில் இது முடியாமல் போனால் விட்டுவிடுங்கள். பெட்டி அடுக்குகிற பதற்றத்தில் இதையும் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. கீழே தரும் நேரங்கள் முன்கூட்டிப் பழகாதவருக்கானவை. பழகியிருந்தால் எல்லாவற்றையும் இரண்டு மணித்தியாலம் தள்ளி வாசியுங்கள்.

விடிய நாலு மணி விமானம் உண்மையில் உங்களுக்கு உதவியானது. நள்ளிரவிலிருந்து விமான நிலைய வெளிச்சத்தில் நிற்பது மணிக்கூட்டைச் சரியான பக்கம் தள்ளும். ஏறியதும் கண்மூடியைப் போட்டுக்கொண்டு நித்திரை கொள்ளுங்கள். உங்கள் நடுச்சாமம் அப்போது கழிந்திருக்கும், ஜன்னல் வெளிச்சம் வேண்டாம். வளைகுடாவிலிருந்து புறப்படும் இரண்டாவது விமானம் சுமார் 14 மணித்தியாலம். அது கிளம்பும்போது ரொறன்ரோவில் இரவு இரண்டு மணி அளவாக இருக்கும். ஆகவே முதல் நாலு மணித்தியாலம் நித்திரை, மீதி நேரம் விழிப்பு. சாப்பாட்டுத் தட்டு வரும்போதெல்லாம் சாப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை. அரை மணிக்கொரு தடவை கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள், இரண்டு மணிக்கொரு தடவை எழும்பி நடவுங்கள். நாலு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் நாளத்தில் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடும். இறுக்கமான காலுறை போட நினைத்தால், கணவருக்குக் காலில் இரத்தோட்டம் சரியா என்று பார்த்த பிறகு மட்டும்.

இறங்கிய அன்று செய்ய அதிகமில்லை. வெளியே வர ஐந்தரை ஆகும். வீட்டில் மங்கலான விளக்கோடு சாப்பிட்டு, குளித்து, எட்டரை ஒன்பதுவரை தாக்குப்பிடித்துப் படுங்கள். இருட்டில் விழித்திருப்பது கஷ்டம்தான். நின்றுகொண்டு கதையுங்கள், சோபாவில் சாயாதீர்கள்.

இரண்டாம் நாள் நடுச்சாமம் 6.30க்கு நகர்ந்திருக்கும். பின்னேரம் 2 மணியிலிருந்து 6 மணிவரை வெளியே இருங்கள். ஒக்டோபர் மூன்றாம் கிழமையில் அங்கே சூரியன் 6.20 அளவில் படும், எனவே வெயில் உங்களுக்குத் தோதாகவே இருக்கும். மேகமூட்டமான நாளானாலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் உண்டு. வீட்டு விளக்கின் கீழ் கிடைப்பது நூறு முதல் முந்நூறு லக்ஸ்வரைதான். அறுபதைத் தாண்டியவர்களின் கண்வில்லை மஞ்சளித்து நீல ஒளியைக் குறைத்தே உள்ளே விடும். அதனால் உங்களுக்கு இளையவர்களைவிட அதிக வெளிச்சம் தேவை, ஜன்னலடியில் இருந்தால் போதாது. மூன்றாம் நாள் நடுச்சாமம் இரவு 8 மணி: நாலிலிருந்து ஆறுவரை வெளியே, பிறகு எட்டுவரை வீட்டில் எல்லா விளக்கும் எரியட்டும், எட்டுக்குப் பிறகு மங்கலாக்குங்கள். நாலாம் நாள் ஒன்பதரைவரை வெளிச்சம். ஐந்தாம் நாளிலிருந்து படுக்கும்வரை வெளிச்சம் இருக்கலாம். அதன் பிறகு தானாகவே வந்துசேரும்.

விடிய வெயிலைப் பற்றி நீங்கள் யோசிப்பது தெரிகிறது. முதல் நாலு நாளும் காலை எட்டு மணி வெயில் மணிக்கூட்டை எந்தப் பக்கமும் பெரிதாக நகர்த்தாது. கொஞ்சம் தெம்பு தரும், அவ்வளவே. நடக்க விருப்பமென்றால் நடவுங்கள். ஆனால் அதை நம்பிப் பின்னேர வெளிச்சத்தைத் தவறவிடாதீர்கள்.

இரவு இரண்டு மணி விழிப்பு இந்த முறையும் வரும், குறைந்தது நாலு இரவுக்கு. அந்த நேரம் கொழும்பில் முற்பகல் 11.30. உங்களுக்குப் பசிக்கும், மூளை சுறுசுறுப்பாக இருக்கும், வெள்ளவத்தையில் எல்லாரும் விழித்திருப்பார்கள். குசினி விளக்கைப் போட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டு ஊருக்கு வீடியோ கோல் எடுக்கத்தான் மனம் வரும். தயவுசெய்து எடுக்காதீர்கள். மூன்றாம், நாலாம் இரவுகளில் அந்த நேரத்து வெளிச்சம் நடுச்சாமம் கழிந்து விழுவது. பகல் முழுக்க நீங்கள் தள்ளியதை அது திருப்பி இழுத்துவிடும். மஞ்சள் நிறச் சிறு விளக்கொன்று போதும். பசித்தால் ஒரு வாழைப்பழமோ அரைக் கோப்பை பாலோ, சோறு வேண்டாம். ஈரலுக்கும் குடலுக்கும் தனித்தனி மணிக்கூடு உண்டு, அவை வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தைத்தான் அதிகம் பார்க்கும். இரவு இரண்டு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டால் அது மத்தியானச் சாப்பாடு என்றே எடுத்துக்கொள்ளும். மூன்று வேளையும் அங்கத்தைய நேரத்துக்கே சாப்பிடுங்கள். தேநீரும் கோப்பியும் பின்னேரம் மூன்றுக்குப் பிறகு வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடலில் நிற்கும். பகல் நித்திரை கட்டாயமென்றால் மத்தியானத்துக்கு முன், 30 நிமிடம், அலாரம் வைத்து.

பிள்ளை பிறந்த வீடு என்பதால் இன்னொன்று. முதல் நாலைந்து நாளில் இரவு இரண்டிலிருந்து ஐந்துவரை அந்த வீட்டில் ஆகத் தெளிவாக இருப்பவர் நீங்கள்தான். பால் கொடுத்த பிறகு பிள்ளையைத் தூக்கி ஏப்பம் எடுப்பிக்க, துணி மாற்ற, மகளைப் படுக்கச் சொல்லிவிட்டு அந்த முறையை நீங்கள் எடுக்கலாம், மங்கல் விளக்கிலேயே. ஆனால் பின்னேரம் ஐந்திலிருந்து இரவு ஒன்பதுவரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறவும் கூடாது. நீங்கள் அறியாமலே நித்திரையாகிவிடுவீர்கள். சோபாவில் பெரியவரின் அணைப்பில் நித்திரையாகும் பச்சைப்பிள்ளைக்கு மூச்சுத் திணறும் ஆபத்து மிக அதிகம். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கணவரும் முதல் ஒரு கிழமை கார் ஓட்ட வேண்டாம்.

இன்சுலின் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. கிளார்ஜின் ஏறத்தாழ 24 மணித்தியாலம் வேலை செய்யும். அதற்கு இரவு பகல் தெரியாது. ஒரே இடைவெளியில் போட்டால் போதும். கொழும்பு இரவு 10 மணி என்பது ஒக்டோபரில் ரொறன்ரோ மத்தியானம் 12.30. எனவே புறப்படும் இரவு வழமைபோல 10 மணிக்குப் போட்டுவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள். அடுத்தது 24 மணித்தியாலம் கழித்து, இறங்குவதற்கு மூன்றரை மணித்தியாலம் முன்பு, விமானத்திலேயே. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ரொறன்ரோ மத்தியானம் 12.30க்கே போடட்டும். நேரத்தை மாற்றவே தேவையில்லை. மார்ச் கடைசியில் திரும்பும்போதும் அதே 12.30 இங்கே இரவு 10 மணியாகிவிடும். இதற்காக அவர் கையில் ஒரு மணிக்கூடு கொழும்பு நேரத்திலேயே இருக்கட்டும்; உங்கள் கையில் உள்ளது ஏறியதும் ரொறன்ரோ நேரத்துக்கு மாறட்டும்.

இந்த ஏற்பாட்டை அவரது கிளினிக் டொக்டரிடம் காட்டி, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அளவை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். சாப்பாட்டுக்கு முன் இரண்டு வேளை கலப்பு இன்சுலின் போடுகிற வாசகர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. மேற்கே போகும் நாள் நீளும், ஒரு சாப்பாடு கூடும். கிழக்கே வரும் நாள் சுருங்கும். அவர்களுக்கான அளவு ஒவ்வொருவருக்கும் வேறு. யாராயிருந்தாலும் சாப்பாட்டு இன்சுலினைத் தட்டு முன்னால் வந்த பிறகே போடுங்கள். வண்டி வருகிறது என்று பார்த்துப் போட்டபின் விமானம் குலுங்கி, பரிமாறுவது நின்றுபோனால் சீனி விழுந்துவிடும். பயணத்தில் நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கொரு தடவை சீனியைப் பாருங்கள். சற்றுக் கூடி இருப்பது பரவாயில்லை, குறைவதுதான் ஆபத்து. குளுக்கோசும் பிஸ்கட்டும் சட்டைப் பையில் இருக்கட்டும், தலைக்கு மேலுள்ள பெட்டியில் வேண்டாம்.

இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் போக வேண்டும். சூட்கேஸில் வைத்தால் சாமான் அறையின் குளிரில் உறையலாம். உறைந்த இன்சுலின் இளகிய பின் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, வேலை மட்டும் செய்யாது. மருந்துகளின் பொதுப்பெயரும் அளவும் எழுதிய டொக்டர் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாவிக்கத் தொடங்கிய கிளார்ஜின் பேனா 30 பாகைக்குக் கீழே 28 நாள் தாங்கும்.

மெட்ஃபோர்மின் சாப்பாட்டோடு போகட்டும், ஒரு நாளுக்குரிய எண்ணிக்கையை மீறாமல். லொசார்ட்டனை வளைகுடாவில் காலையில் ஒன்று, பிறகு ரொறன்ரோவில் அடுத்த காலை; இடையில் சில மணித்தியாலம் கூடுவதற்காக இரண்டாகப் போட வேண்டாம். உங்கள் தைரொக்சின் உடலில் பல நாள் தங்குவது, அங்கத்தைய காலையில் வெறும் வயிற்றில் தொடருங்கள்.

மெலடோனின் எடுக்கலாம், நிபந்தனையோடு. 0.5 முதல் 3 மில்லிகிராம் போதும். அளவைக் கூட்டினால் மந்தம்தான் கூடும், மணிக்கூடு அந்தளவுக்கு வேகமாக நகராது. மெதுவாகக் கரையும் வகை இதற்கு உதவாது. அங்கத்தைய படுக்கை நேரத்தில், முதல் நாலு இரவுக்கு மட்டும். அந்த நேரம் உங்கள் உடலுக்குக் காலை ஏழரை. அப்போது எடுத்த மெலடோனின் மணிக்கூட்டைப் பின்னே தள்ள உதவும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தொடர்ந்தால் மெல்ல எதிர்ப்பக்கம் வேலை செய்யத் தொடங்கும், எனவே நிறுத்திவிடுங்கள். கனடாவில் பாமசியில் சீட்டில்லாமல் கிடைக்கும். போத்தலில் அரசு அனுமதியைக் காட்டும் எட்டு இலக்க என்.பி.என். எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் வலிப்பு உள்ளவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. கணவர் எடுத்தால் அந்த நாள்களில் சீனியைக் கூடுதலாகப் பார்க்கட்டும்.

நித்திரைக் குளிசையை விமானத்தில் எடுக்கவே வேண்டாம். அசையாமல் ஒரே இருக்கையில் கிடந்தால் கால் இரத்தோட்டத்துக்கு நல்லதல்ல. நமது வீடுகளில் நித்திரைக்கென்று பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசை போடும் பழக்கம் உண்டு. 68 வயது ஆணுக்கு அது சிறுநீரை அடைக்கும், அடுத்த நாள் தலை தெளியாது, இரவில் எழும்பும்போது விழப் பண்ணும்.

நவம்பர் முதல் ஞாயிறு விடிய 2 மணிக்கு அங்கே மணிக்கூட்டை 1 மணியாக்குவார்கள். அன்றிலிருந்து நமக்கும் ரொறன்ரோவுக்கும் வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். உடலுக்கு அது ஒரு மணித்தியாலம் மேற்கே போனது போல. இரண்டு நாளில் சரியாகும். இன்சுலினை 11.30க்கு மாற்றலாம், அல்லது 12.30லேயே விடலாம்; ஒரு மணித்தியாலம் பாதிக்காது. மார்ச் இரண்டாம் ஞாயிறு அந்த மணித்தியாலத்தைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். அது முந்தி எழும்ப வேண்டிய பக்கம் என்பதால் அந்தக் கிழமை சற்றுச் சோர்வு வரும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பேரப்பிள்ளையின் சாதகக் குறிப்பு எழுதப் போகிற வீடு என்பதால் சொல்கிறேன். அங்கே பிறந்த நேரம் கோடை நேரத்திலா சாதாரண நேரத்திலா என்பதை எழுதி வையுங்கள். நவம்பர் முதல் ஞாயிறுக்கு முன் என்றால் கிறீன்விச்சுக்கு நாலு மணித்தியாலம் பின்னே, அதற்குப் பிறகு ஐந்து. மாறுகிற அந்த இரவில் 1 மணியிலிருந்து 2 மணிவரை இரண்டு தடவை வரும். அப்போது பிறந்தால் எந்த ஒன்று என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக் குறியுங்கள். இது நமக்குப் புதிதுமல்ல. 1996 மேயில் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தது. அந்தப் பத்து வருடத்தில் கொழும்பில் பிறந்த எத்தனையோ பேரின் குறிப்பில் பழைய நேரம், புது நேரம் என்று இன்றும் குழப்பம் இருக்கிறது.

குளிர்காலத்துக்கு வருவோம். கொழும்பில் வருடத்தின் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ரொறன்ரோவில் டிசம்பர் 21 அளவில் சூரியன் உதிப்பது 7.48க்கு, படுவது 4.43க்கு, ஒன்பது மணித்தியாலமும் முழுசாக இல்லை. உச்சிப்பொழுதிலும் சூரியன் தெற்கே 23 பாகை உயரத்தில்தான் நிற்கும். இங்கே அதே நாளில் 60 பாகை. ஆகவே பகல் குறுகியது மட்டுமல்ல, மெலிந்ததும்கூட.

காலையில் எழும்பியதும் வெளிச்சம் இல்லாமல் நாள் தொடங்கும்போது உடல் மெல்ல மெல்லப் பிந்தத் தொடங்கும், மனமும் மந்தமாகும். ஒவ்வொரு நாளும் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் அரை மணித்தியாலமாவது வெளியே போங்கள். பாதையில் பனி உறைந்து வழுக்கும் நாளில் வேண்டாம்; தெற்குப் பார்த்த ஜன்னலடியில் கதிரையைப் போட்டு இருங்கள். பின்னேரம் நாலு மணிக்கே, வெளியே இருட்டுமுன், வீட்டு விளக்குகளை எல்லாம் போட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு போட்டால் அதற்குள் கண் சொருகி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, இரவு நித்திரை கெட்டுவிடும். இரவு ஏழெட்டு மணிவரை பிரகாசம், அதன் பின் மங்கல்.

இதற்கும் சரிவராவிட்டால் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டி விற்கிறார்கள். எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள், முகத்திலிருந்து 30 முதல் 40 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்து, 30 நிமிடம். நேரே உற்றுப் பார்க்காமல் பேப்பர் வாசிக்கலாம், சாப்பிடலாம். இது உங்களுக்குச் சரி. கணவருக்கு நீரிழிவு என்பதால், விழித்திரையில் பாதிப்பு இல்லையென்று புறப்படுமுன் கண் டொக்டரிடம் பார்த்துக்கொண்ட பிறகே. அந்தப் பரிசோதனை எப்படியும் வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. ஐம்பதைத் தாண்டியவர்கள் விட்டமின் டி 400 அலகு நாளாந்தம் எடுக்க வேண்டும் என்பது கனடாவின் ஆலோசனை. நவம்பரிலிருந்து பெப்ரவரிவரை அங்கத்தைய வெயிலில் தோல் அதைத் தயாரிக்காது. இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, அழுகை வருகிறது, படுக்கையை விட்டு எழும்ப மனமில்லை என்றால், குளிர்தானே என்று விட்டுவிடாமல் மகளிடம் சொல்லி டொக்டரைப் பாருங்கள்.

மார்ச் திரும்புகை. அங்கே பத்தரைக்குப் படுத்து ஆறுக்கு எழும்புகிற உடலின் நடுச்சாமம் 3.30, கொழும்பில் அது மத்தியானம் 1 மணி. இப்போது மணிக்கூட்டை முன்னே இழுக்க வேண்டும், எனவே மத்தியானம் ஒன்றுக்கு முன் வரும் வெளிச்சம் உங்களுக்கு எதிரி. இந்த முறை ரொறன்ரோவிலேயே மூன்று நாள் முன்கூட்டிப் பழகுவதை விடாதீர்கள். ஒரு மணித்தியாலம், ஒரு மணித்தியாலமாக முந்திப் படுத்து முந்தி எழும்புங்கள். எழும்பியதும் ஒளிப்பெட்டியோ வீட்டின் ஆகப் பிரகாசமான விளக்கோ முன்னால் இருக்கட்டும், இரவில் மங்கல். அப்படிச் செய்தால் கொழும்பில் இறங்கும்போது நடுச்சாமம் முற்பகல் 10 மணிக்கு வந்திருக்கும்.

சற்று இடம்விட்டு, முதல் நாள் பத்தரைவரை திரைச்சீலையை மூடி வீட்டுக்குள் இருங்கள். வெளியே போக நேர்ந்தால் கறுப்புக் கண்ணாடி. கட்டுநாயக்கவிலிருந்து விடிய வீட்டுக்கு வருகிற வாகனத்திலும் போட்டுக்கொள்ளுங்கள். பத்தரையிலிருந்து ஒன்றரைவரை வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மார்ச் வெயிலில் காலி வீதியில் நிற்கச் சொல்லவில்லை. வராந்தா நிழலிலும் மர நிழலிலும் ஆயிரக்கணக்கில் லக்ஸ் உண்டு. அடுத்த நாள் ஒன்பதரை, அதற்கடுத்த நாள் எட்டரை என்று ஒரு மணித்தியாலமாக முந்திக்கொண்டு வந்தால், ஐந்தாம் நாள் ஆறரைக்கு மரைன் டிரைவுக்குப் போகலாம். முன்கூட்டிப் பழகாமல் வந்தால் மத்தியானம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், நடை எட்டாம் நாளுக்குத் தள்ளிப்போகும். மெலடோனினை இங்கே படுக்கும் நேரத்தில் நாலைந்து இரவு எடுக்கலாம். கிழக்கே வரும்போதுதான் அதன் பயன் அதிகம். பாதி நாள் ஒரு முறை, பாதி நாள் இன்னொரு முறை என்று கலக்காதீர்கள்; போன முறை இரண்டு கிழமை இழுத்தது அப்படித்தான் இருக்க வேண்டும்.

மெல்பேர்னுக்குக் கணக்கு அதேதான், நேரங்கள் வேறு. அங்கே ஒக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறுவரை நமக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே, மற்ற மாதங்களில் நாலரை. உங்கள் நடுச்சாமம் அங்கே காலை 8 மணியோ 7 மணியோ ஆகும். விடிய இறங்கினால் அதுவரை கறுப்புக் கண்ணாடி, பிறகு மூன்று மணித்தியாலம் வெளிச்சம், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் முந்தி. நாலைந்து நாளில் பழகிவிடும். ஆனால் இன்சுலினை அப்படியே விட முடியாது, இரவு 10 மணி அங்கே விடிய இரண்டரை, மூன்றரை ஆகிவிடும். புறப்படுவதற்கு முன் ஒரு நாள் 8 மணிக்கும் அடுத்த நாள் 6 மணிக்கும் போட்டால், அது அங்கே இரவு 10.30 அல்லது 11.30க்கு வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் இடைவெளி 22 மணித்தியாலமாகச் சுருங்குவதால் மருந்து சற்று ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்த இரண்டு இரவும் படுக்குமுன்னும் விடிய மூன்று மணிக்கும் சீனியைப் பாருங்கள், அளவைக் குறைக்க வேண்டுமா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.